சம்பந்தியம்மாவின் வால்வு

என் வயிற்றில் பிறந்து, ஊரார் நெஞ்சைப் பார்க்கிற வேலைக்குப் போன மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் பதில் சொல்லவில்லை. "யோசிச்சு சொல்றேன் புள்ள" என்று வைத்துவிட்டேன். நீ கேட்டது ஒன்றும் மலையைப் புரட்டுகிற காரியம் இல்லை. உன் மாமியாருக்கு நெஞ்சைத் திறந்து வால்வு மாற்றப் போகிறார்கள். வீட்டுக்கு அனுப்பிய பிறகு, அறுத்த நெஞ்செலும்பு கூடுகிற வரைக்கும், ஆறு வாரமாவது பக்கத்திலேயே ஒரு ஆள் வேண்டும். உனக்கும் மாப்பிள்ளைக்கும் அவ்வளவு லீவு கிடைக்காது. "நீ வந்து அத்தைகூட இரும்மா, ஒன்னவிட்டா யாரு பாப்பா?" என்றாய். புதிதாகக் கல்யாணமான பெண் தாயிடம் கேட்கிற நியாயமான உதவிதான். எஸ்டேட் பிள்ளைக் காம்பராவில், கொழுந்தெடுக்கப் போகிற பெண்களின் கைக்குழந்தைகளைப் பகல் முழுக்க வைத்துப் பார்க்கிற எனக்கு, ஒரு பெரிய மனுஷியைப் பார்த்துக்கொள்வது கஷ்டமும் இல்லை. ஆனாலும் வாயில் 'சரி' வரவில்லை. ஏன் வரவில்லை என்று போனில் சொன்னால் நீ சிரிப்பாய், இல்லாவிட்டால் "ஸ்கேனுக்கு ஆள் வந்துட்டாங்கம்மா" என்று வைத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு உன் மாமியார்மேல் பொறாமை. வயிற்றெரிச்சல் என்று சொன்னாலும் சரிதான். உன் அப்பாவிடம் சொன்னேன். தேயிலை ஃபேக்டரியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டிருந்தவர் செம்பைக் கீழே வைத்துவிட்டு, "பொறாமப்பட ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா? அந்தம்மாவே மூச்சு விட முடியாம கெடக்குது" என்றார். அவருக்கு என்ன தெரியும். அந்த அம்மா மூச்சு விட முடியாமல் கிடப்பதுதான் எனக்குப் பொறாமையே.

நீ கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் நெஞ்சுக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கிற வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு நாள் போன் பண்ணினாய். என்றைக்கும் இல்லாத திருநாளாக நெடுநேரம் பேசினாய். மேட்டுப்பாளையத்தில் மாவு மில் வைத்திருக்கிற ஒரு அம்மா வந்தாராம். படியேறினால் மூச்சு வாங்குகிறதாம். மாவுத் தூசி என்று நினைத்து அதுவரை யாரிடமும் காட்டவில்லையாம். நெஞ்சில் பசையைத் தடவிக் குமிழை வைத்துப் பார்த்ததும் உனக்குத் தெரிந்துவிட்டதாம். அன்றைக்குத்தான் எனக்கு இதயம் என்றால் என்னவென்றே தெரிந்தது. அவரவர் கையை மூடினால் எவ்வளவோ அவ்வளவு பெரிசு, முனை இடது பக்கம் சாய்ந்திருக்கும், மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை என்றாய். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்த ரத்தம் வலது பக்கம் வந்து நுரையீரலுக்குப் போகும், அங்கே சுத்தமாகி இடது பக்கம் திரும்பும், இடது கீழறைதான் அதைத் தலையிலிருந்து கால் வரைக்கும் தள்ள வேண்டும், அதனால் அதற்குத்தான் சுவர் தடிப்பு என்றாய். அந்த இடது பக்கத்தில், மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில், இரண்டு இதழாக ஒரு கதவு. அந்த அம்மாவுக்குச் சின்ன வயதில் தொண்டை வலியும் முட்டி வீக்கமுமாக ஒரு காய்ச்சல் வந்து, சரியாக மருந்து எடுக்காமல் விட்டதில், அந்த இதழ்கள் தடித்து ஒட்டிக்கொண்டு, மீன் வாய் போலக் கொஞ்சம்தான் திறக்கிறது. கீழே இறங்க முடியாத ரத்தம் மேலறையில் தேங்கி, பின்னாலேயே நுரையீரலில் போய் நெருக்குகிறது. மூச்சு முட்டுவதற்குக் காரணம் தூசி இல்லை, கதவு. இவ்வளவையும் நீ மூச்சு விடாமல் சொன்னாய். நான் "ம், ம்" என்று கேட்டேன். போனை வைத்த பிறகுதான், நான் சாப்பிட்டேனா என்று நீ கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது.

அதற்கப்புறம் அந்த அம்மா செக்கப்புக்கு வரும்போதெல்லாம் நீ ஃப்ரீயாகிற வரைக்கும் காத்திருந்து உன்னிடம்தான் எக்கோ எடுத்துக்கொண்டார். உனக்கு ராகி மாவு, கம்பு மாவு என்று சலித்துக் கட்டிக் கொண்டுவந்தார். ஒரு நாள், "இந்தக் கண்ணு கை பட்டா அந்தப் பசையோட குளுருகூடத் தெரியறதில்லீங்க" என்று நர்ஸிடம் சொன்னாராம். அடுத்த தடவை மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஊரில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் முடி, நடை, பல் எல்லாம் பார்ப்பார்கள். இங்கே பெண், மாமியாராக வரப்போகிறவளின் நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. எதிலும் நீ புதுசுதான். பையன் நல்ல பையன், உனக்கும் பிடித்திருந்தது, நான் குறுக்கே நிற்கவில்லை. நிற்கவில்லை என்பதற்காக எரியவில்லை என்று அர்த்தம் இல்லை.

முறைப்படி நம் வீட்டுக்கு அவர்கள் வந்த நாளை எடுத்துக்கொள். உனக்கு அது வேறு மாதிரி நினைவிருக்கும், எனக்கு இப்படித்தான் இருக்கிறது. பனி விலகி வெயில் வந்த நேரம். நான் விடியலிலிருந்து வேலை செய்தேன். வடை, கேசரி, பக்கத்து லயத்து வரிசை வீடுகளிலிருந்து இரவல் வாங்கின தட்டு. உனக்குப் பட்டுப்புடவை கட்டிவிட்டு, "கூப்புடுற வரைக்கும் வெளிய தலை காட்டக் கூடாது" என்று உள்ளே உட்கார வைத்தேன். கார் கீழே ரோட்டோடு நின்றுவிட்டது. அங்கிருந்து நம் லயத்துக்குப் படியேறித்தான் வர வேண்டும். நீ ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாய். "அய்யோ, நடக்க வெச்சுக் கூட்டியாராங்களே!" என்று கத்திக்கொண்டு, கட்டின புடவையோடு படிகளில் தடதடவென்று இறங்கி ஓடினாய். லயமே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. அந்த அம்மா பாதிப் படியில் கைப்பிடிச் சுவரைப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். நீ அவரை அங்கேயே உட்கார வைத்து, கீழே மண்டியிட்டு மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, மெதுவா மூச்சு விடுங்க, பேசாதீங்க" என்றாய். அவர் பேசாமல் இருக்கவில்லை. "ஏனுங்க, பொண்ணு பாத்தாச்சுங்க, இதுக்கு மேல ஏறோணுமா?" என்று மேலே நின்ற எங்களைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரித்தார், உன் அப்பா சிரித்தார். நான் கதவு நிலையில் காப்பித் தட்டோடு நின்றிருந்தேன். ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. காப்பி ஆறிப் போய் ஏடு கட்டிவிட்டது.

பிள்ளைக் காம்பராவில் ஒன்று பார்த்திருக்கிறேன். சாயங்காலம் தாய் வந்து கையை நீட்டும்போது, ஏதாவது ஒரு குழந்தை என் தோளை விடாமல் ஒட்டிக்கொள்ளும். இலைக்கறை படிந்த கையோடு நிற்கிற அந்தப் பெண்ணின் முகம் ஒரு மாதிரி போகும். "என்னாடி, பெத்தவள மறந்திட்டியா" என்று சிரித்துக்கொண்டே குழந்தையைப் பிடுங்கிக்கொண்டு போவாள். நான் உள்ளூர ஒரு இனிப்போடு பாயைச் சுருட்டி வைப்பேன். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும். இப்போது நான் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறேன்.

அந்த எரிச்சலில்தான் நானும் மூச்சு வாங்க ஆரம்பித்தேன். நடிப்பு என்று சொல்லாதே. நிஜமாகவே ஏற்றம் ஏறினால் நெஞ்சு அடைக்கிற மாதிரி இருந்தது. உன்னிடம் சொன்னதும் "வா, பாத்துடலாம்" என்றாய். கோத்தகிரியிலிருந்து முதல் பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் வழியாக வந்து சேர்ந்தேன். நான் செய்த காரியத்தில் ஒன்று உனக்குத் தெரியும், இன்னொன்று தெரியாது. பயந்துகொண்டேதான் வந்தேன், ஆனால் நெஞ்சில் ஒன்றும் இல்லையென்று சொல்லிவிடுவார்களோ என்பதுதான் அந்தப் பயம். சின்னதாக ஒரு கதவுக் கோளாறு, ஒரு தடிப்பு, ஏதாவது இருக்க வேண்டுமே என்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டே வந்தேன். எந்தப் பைத்தியக்காரியாவது இப்படி வேண்டுவாளா? அது மட்டும் போதாதென்று, ஃபேக்டரித் தூள் போட்டுக் கறுக்கக் கறுக்கக் காய்ச்சின தேத்தண்ணியை ஃப்ளாஸ்க் நிறையக் கொண்டுவந்து, ஆஸ்பத்திரி வாசலில் நின்று மடமடவென்று குடித்தேன். லிஃப்ட் இருந்தும் படியேறி வந்தேன். தேயிலையிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு நெஞ்சைப் படபடக்க வைக்க வேறு என்ன வழி தெரியும்?

அந்தச் சில்லென்ற அறையில் என்னை இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொன்னாய். பசை சுரீரென்றது. குளிர் தெரிந்தது எனக்கு, அந்த அம்மாவுக்குத் தெரியாதாமே! நீ திரையைப் பார்த்தாய், நான் உன்னைப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினாய். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்குப் பக்கத்து ஓடையில் மழைத் தண்ணீர் திமிறிப் போகிற மாதிரி ஒரு சத்தம், "அதுதாம்மா நீ" என்றாய். நீ புருவத்தைச் சுருக்கினாய். எனக்கு உள்ளே ஒரு சந்தோஷம். வந்துவிட்டது, ஏதோ இருக்கிறது என்று நினைத்தேன். நீ குமிழை எடுக்காமலேயே, "ம்மா, தேத்தண்ணி குடிச்சியா?" என்றாய்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை வருஷத்தில் என் நெஞ்சைப் பார்த்து நீ கண்டுபிடித்தது அது ஒன்றுதான். "ஓட்டை கீட்டை ஏதும் இருக்கா பாரு" என்று கேட்டேன். "இருந்துச்சு. நீ ஒங்கம்மா வயித்துல இருந்தப்ப. எல்லாருக்கும் மேலறை ரெண்டுக்கும் நடுவுல ஒரு ஓட்டை இருக்கும்மா. வயித்துக்குள்ள நுரையீரலுக்கு வேலை இல்லல்ல, அம்மா மூச்சுலதான் புள்ள பொழைக்கும். அதனால ரத்தம் அந்த வழியாக் குறுக்க போயிடும். பொறந்து முதல் மூச்சு விட்டதும் அந்தக் கதவு ஒட்டிக்கும். ஒனக்கு நல்லாவே ஒட்டியிருக்கு" என்றாய். நான் திரும்பிச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன். பிரசவ வார்டில் உன்னை என் காலடியில் தூக்கிப் பிடித்தபோது நீ வீறிட்டு அழுதாய். பிள்ளை அழுதுவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். என் மூச்சு இனி வேண்டாம் என்று நீ ஒரு கதவைச் சாத்திக்கொண்ட சத்தம் அது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. சாத்தாமல் போனால்தான் ஆபத்து என்று உன் படிப்பு சொல்லும். எனக்கும் புரிகிறது. புரிந்தால் மட்டும் வலிக்காமல் இருக்குமா?

துணியால் பசையைத் துடைத்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, குதிர மாதிரி இருக்கு, போ" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டாய். பரீட்சையில் கோட்டை விட்டவள் மாதிரி வெளியே வந்தேன். வெளியே பெஞ்சில் யார் உட்கார்ந்திருந்தது? சம்பந்தியம்மாதான். அன்றைக்கு அவருக்கும் செக்கப். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார், முடியாமல் உட்கார்ந்துகொண்டார். "ஏனுங்க, உங்களுக்கு எப்படிங்க இருக்குதாமா?" என்றார். "நல்லா இருக்குதாம்" என்றேன், ஏதோ தப்பு செய்தவள் மாதிரி. அவர் என் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டார். "குடுத்து வெச்சவங்க நீங்க. எனக்கு மில்லுல ஒரு படி மாவு தூக்கினாலே கண்ணு இருட்டிக்குது. பேரனோ பேத்தியோ வந்தா இடுப்புல தூக்கி நிலா காட்ட முடியுமான்னு தெரியலீங்க. உங்களால முடியும். எனக்கு உங்களப் பாத்தா ஆத்தாமயாத்தானுங்க இருக்குது" என்றார். சொல்லும்போதே மூச்சு இரைத்தது. பொறாமைப்படுகிற வேலையில்கூட எனக்கு முந்திக்கொண்டார் பார், அந்த அம்மா.

அதோடு விட்டாரா? நீ அவருக்குச் சொல்லிக்கொடுத்ததை எல்லாம் எனக்கு ஒப்பித்துக் காட்டினார். "இந்த நெஞ்சுக்குள்ள அத்தன ரத்தம் போயி வருதாமுங்க. ஆனா போற ரத்தத்துல கைய வெக்காதாம். வெளிய போற பெருங்குழாயோட வாசல்ல ரெண்டு சின்னக் குழா பிரியுதாம், அதுல வாரதுதான் அதுக்குச் சாப்பாடாம். அதுவும் சுருங்கி வேல செய்யறப்ப வராதாம், விரிஞ்சு ஓய்வா நிக்கற அந்தச் செத்த நேரத்துலதான் வயிறு ரொம்புமாம். கண்ணு சொல்லுச்சுங்க" என்றார். என் மகள் சொன்னதை அடுத்தவர் வாயால் கேட்க வேண்டியிருக்கிறதே என்று எரிந்தது. ஆனால் எரிச்சலோடு எரிச்சலாக அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. இப்போது அதையே உனக்குத் திருப்பிச் சொல்கிறேன், தாய் சொல்வதாக எடுத்துக்கொள். டூட்டி, வீடு, புருஷன், ஆபரேஷன் ஆன மாமியார் என்று எல்லாமே இனி உன் வழியாகத்தான் போய் வரும். ஓடுகிற ஓட்டத்தில் நமக்கும் கொஞ்சம் ஒட்டும் என்று நினைக்காதே, ஒட்டாது. நின்று மூச்சு விடுகிற நேரத்தில்தான் உனக்கானது உனக்கு வரும். அந்த நேரத்தை யாருக்கும் விட்டுக்கொடுக்காதே. நான் விட்டுக்கொடுத்தேன். நானும் கொழுந்தெடுக்கப் போன அந்த நாளில் கூடையை இறக்கினால் அடுப்பு, அடுப்பை இறக்கினால் துணி. உன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்த நாள் எது என்று யோசித்தால் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தக் காலியான இடத்தில்தான் இன்னொரு பொம்பளை ராகி மாவோடு வந்து உட்கார்ந்தாள் என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

இவ்வளவும் தெரிந்தும் எனக்கு 'சரி' வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் "அம்மா, மாத்திரை போட்டாச்சா?" என்றாய். நான் இங்கே "எனக்கென்ன மாத்திரை சாமி?" என்றேன். நீ என்னைக் கேட்கவில்லை. அங்கே அந்தப் பக்கத்திலிருந்து "ஆச்சு கண்ணு" என்று பதில் வந்தது. அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவள் எப்போது அம்மா என்று மாற்றினாய்? "யோசிச்சு சொல்றேன் புள்ள" என்று வைத்தது அப்போதுதான்.

யோசித்துவிட்டேன். வருகிறேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதே, அதெல்லாம் என்னிடம் இல்லை. நாலு அறையில் எதிலும் இல்லை என்று நீயே பார்த்திருக்கிறாய். உலோக வால்வு வைத்தால் அமைதியான அறையில் அது 'டிக் டிக்'கென்று மூடுகிறது வெளியிலேயே கேட்கும் என்றாய். ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை, கீரையை ஒரு நாள் அள்ளியும் ஒரு நாள் கிள்ளியும் கொடுக்காமல் ஒரே அளவாகக் கொடுக்க வேண்டும் என்றாய். எல்லாம் என் பொறுப்பு. சமையல்கட்டு என் கையில் வர வேண்டும், நடுவில் நீ வந்து டாக்டர் மாதிரி பேசக் கூடாது, அவ்வளவுதான் நான் கேட்கிறது. கஞ்சி ஆற்றிக் கொடுப்பேன், தலை பின்னிவிடுவேன், கையைப் பிடித்து முற்றத்தில் நடக்க வைப்பேன். நாளுக்கு நாலு படி கூடுதலாக ஏற வைப்பேன். என் பிள்ளைக் காம்பராவில் மூன்று நாளைக்கு மேல் என்னிடம் ஒட்டாத குழந்தை இதுவரை கிடையாது, உன் மாமியார் எம்மாத்திரம்?

ஆறு வாரம் முடிவதற்குள் ஒரு நாள் சாயங்காலம் நீ டூட்டி முடிந்து வருவாய். நாங்கள் இருவரும் உள்ளே எதையோ பேசிச் சிரித்துக்கொண்டிருப்போம். அந்த அம்மா என்னிடம் தண்ணீர் கேட்பார், உன்னிடம் கேட்க மாட்டார். நீ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு நிலையில் நிற்பாய், ஒருவரும் உன் பக்கம் திரும்ப மாட்டோம். அவர் நெஞ்சு டிக் டிக்கென்று அடிப்பது அங்கே உனக்குக் கேட்கும், உன்னுடையது யாருக்கும் கேட்காது. அப்போது உன் நெஞ்சில் ஒன்று இறுகும் பார், எந்த அறை, எந்தக் கதவு என்று நின்று நிதானமாகக் கண்டுபிடி. உன் மெஷினில் அது தெரியாது.

கண்டுபிடித்த பிறகு உள்ளே வா. உனக்குத் தேத்தண்ணி போட்டு வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
எல்லா வால்வும் ஒழுங்காகத் திறந்து மூடுகிற
உன் அம்மா